தினேஷ் கார்த்திக்

தினேஷ் கார்த்திக் (முழுப்பெயர்: கிருஷ்ணகுமார் தினேஷ் கார்த்திக், பிறப்பு: ஜூன் 1, 1985, சென்னை) இந்தியத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் வீரர் ஆவார். வலக்கைத் துடுப்பாளரும் குச்சக்காப்பாளருமான இவர் தமிழ்நாட்டு அணிக்கும் இந்தியன் பிரீமியர் லீக்கின் ஆறு அணிகளுக்கும் ஆடியுள்ளார். 2004 முதல் 2022 வரை இந்திய அணிக்காக 26 தேர்வுப் போட்டிகளிலும், 94 ஒருநாள் போட்டிகளிலும், 60 பன்னாட்டு இருபது20 போட்டிகளிலும் பங்கேற்றார். மகேந்திரசிங் தோனிக்கு முன்னரே இந்திய அணியில் இடம்பெற்ற இவர், தமது காலத்தின் பெரும்பகுதியைத் தோனிக்கு அடுத்த நிலைக் குச்சக்காப்பாளராகவே கழித்தார். குச்சக்காப்பாளர் இடம் கிடைக்காத காலங்களில் தொடக்கத் துடுப்பாளராகவும், நடுவரிசைத் துடுப்பாளராகவும், இறுதி ஓவர்களில் ஆட்டத்தை முடித்து வைப்பவராகவும் அணிக்குள் வந்தார்.

மாற்றுக் குச்சக்காப்பாளரின் நிலை

துடுப்பாட்ட அணி ஒன்றில் ஐந்து அல்லது ஆறு துடுப்பாளர்களும் நான்கு அல்லது ஐந்து பந்து வீச்சாளர்களும் ஆடுவர். குச்சக்காப்பாளர் இடம் மட்டும் ஒன்றே. எனவே அவ்விடத்தில் ஒருவர் நிலைபெற்று விட்டால், அடுத்த நிலையில் இருப்பவர் எவ்வளவு திறமை உடையவராயினும் முதலாமவர் காயமுறும் வரை, ஓய்வு எடுக்கும் வரை அல்லது சரியாக ஆடாமல் நீக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரரின் மாற்று வீரருக்கும், கால்பந்தில் இரண்டாம் கோல்காப்பாளருக்கும் உள்ள நிலை இதுவே. துடுப்பாட்டத்தில் மற்றொரு கட்டுப்பாடும் இருந்தது. 2017 அக்டோபரில் புதிய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை, போட்டியின் நடுவே களமிறங்கும் பதிலி வீரர் குச்சக்காப்பாளராகச் செயல்பட இயலாது. ஆகவே மாற்றுக் குச்சக்காப்பாளர் பதினொருவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் அன்றி அப்பணியைச் செய்ய வாய்ப்பே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து இந்நிலையில் இருந்தவர்களுள் கார்த்திக் முதலாமவர் அல்லர். சென்னையைச் சேர்ந்த பரத் ரெட்டி, சையத் கிர்மானியின் காலத்தில் மாற்றுக் குச்சக்காப்பாளராக இருந்தவர். கிர்மானி தேர்ந்தெடுக்கப்படாத 1979 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் அவர் நான்கு தேர்வுப் போட்டிகளில் ஆடினார். அவருடைய தேர்வு வாழ்க்கை அந்நான்கு போட்டிகளுடன் முடிந்தது. கிர்மானி ஆடிய தேர்வுப் போட்டிகளோ 88 ஆகும்.

இளமைக் காலம்

கார்த்திக் சென்னையில் பிறந்தார். இளமையில் சில காலம் குடும்பத்துடன் குவைத்தில் வாழ்ந்தார். இவருடைய தந்தையும் சென்னையின் லீக் போட்டிகளில் ஆடியவர். தொடக்கத்தில் துடுப்பாளராகவே பயிற்சி பெற்ற கார்த்திக், பின்னரே குச்சக்காப்பைக் கற்றுக்கொண்டார். இந்த வரிசை இவரது பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும். குச்சக்காப்புக் கையுறை இல்லாமலும் துடுப்பாட்டத்தை மட்டும் கொண்டு அணியில் இடம்பெற இவரால் முடிந்தது.

2002-03 பருவத்தில் தமிழ்நாட்டு அணிக்காக முதல்தர ஆட்டங்களில் அறிமுகமானார். 2004 ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் நடைபெற்ற 19 அகவைக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தில் அம்பாட்டி ராயுடு தலைமையிலான இந்திய அணியில் இடம்பெற்றார். சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் ஆகியோரும் அவ்வணியில் இருந்தனர்.

அறிமுகமும் தோனியின் வருகையும்

நயன் மோங்கியாவின் காலம் முடிந்தபின் இந்திய அணி நிலையான குச்சக்காப்பாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. 2001, 2002 ஆகிய இரு ஆண்டுகளில் சமீர் திகே, தீப் தாஸ்குப்தா, அஜய் ராத்ரா, பார்த்திவ் பட்டேல் என நால்வர் தேர்வுப் போட்டிகளில் முயன்று பார்க்கப்பட்டனர். ஒருநாள் போட்டிகளில் கூடுதலாக ஒரு துடுப்பாளரைச் சேர்ப்பதற்காக ராகுல் திராவிட் குச்சக்காப்பாளராகச் செயல்பட்டார்.

இந்நிலையில் செப்டம்பர் 5, 2004 அன்று லார்ட்ஸ் அரங்கில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் கார்த்திக் அறிமுகமானார். துடுப்பாட்டத்தில் 1 ஓட்டம் மட்டுமே எடுத்தார். எனினும் ஹர்பஜன் சிங்கின் பந்தில் இங்கிலாந்து அணித்தலைவர் மைக்கேல் வானை ஸ்டம்பிங் முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். இரு மாதங்களுக்குப் பின், நவம்பர் 2004 இல் மும்பை வான்கேடே அரங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பார்த்திவ் பட்டேலின் இடத்தில் தேர்வுப் போட்டியிலும் அறிமுகமானார். பந்து பெரிதும் சுழன்ற அப்போட்டியில் இந்தியா 13 ஓட்டங்களால் வென்றது.

அதே ஆண்டு டிசம்பரில் இந்திய அணி வங்காளதேசம் சென்றது. தேர்வுப் போட்டிகளில் கார்த்திக் குச்சக்காப்பாளராக ஆடினார். தொடர்ந்து நடந்த ஒருநாள் தொடரில் அப்பணி ஜார்க்கண்டைச் சேர்ந்த மகேந்திரசிங் தோனிக்கு அளிக்கப்பட்டது. டிசம்பர் 23, 2004 அன்று சிட்டகாங்கில் அறிமுகமான தோனி, முதற்பந்திலேயே ஓட்டமெதுவும் எடுக்காமல் ரன் அவுட் ஆனார். ஆயினும் ஏப்ரல் 2005 இல் விசாகப்பட்டினத்தில் பாக்கித்தானுக்கு எதிராக 148 ஓட்டங்களும், அக்டோபர் 2005 இல் ஜெய்ப்பூரில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 183 ஓட்டங்களும் எடுத்து ஒருநாள் அணியில் தம் இடத்தை உறுதி செய்தார்.

அக்காலத்தில் தேர்வு அணியில் கார்த்திக் தொடர்ந்தார். மார்ச் 2005 இல் கொல்கத்தாவில் பாக்கித்தானுக்கு எதிராக 93 ஓட்டங்கள் எடுத்தார். முதல் பத்துத் தேர்வுப் போட்டிகளில் இவர் அரைச்சதத்தைக் கடந்தது இந்த ஒரு முறை மட்டுமே. டிசம்பர் 2, 2005 அன்று இலங்கைக்கு எதிரான தேர்வுப் போட்டியில் இவருக்குப் பதிலாகத் தோனி அறிமுகமானார். அப்போட்டி நடந்த இடம் கார்த்திக்கின் சொந்த ஊர் அரங்கமான சென்னை சேப்பாக்கம் ஆகும்.

முதல் பன்னாட்டு இருபது20 போட்டி

டிசம்பர் 1, 2006 அன்று ஜோகானஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா தனது முதலாவது பன்னாட்டு இருபது20 போட்டியில் ஆடியது. தோனி குச்சக்காப்பாளராக இருக்க, கார்த்திக் துடுப்பாளராக மட்டும் சேர்க்கப்பட்டார். 127 ஓட்டங்கள் என்ற இலக்கை ஒரு பந்து மீதமிருக்கையில் இந்தியா எட்டியது. ஆட்டமிழக்காமல் 31 ஓட்டங்கள் எடுத்த கார்த்திக் ஆட்டநாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வகைப் போட்டியில் ஆட்டநாயகன் விருது பெற்ற முதல் இந்தியர் இவரே.

தொடக்கத் துடுப்பாளராக

ஜனவரி 2007 இல் கேப் டவுனில் நடந்த தேர்வுப் போட்டிக்கு முன் தோனி விரலில் காயமுற்றதால் கார்த்திக்குக் குச்சக்காப்பாளர் இடம் மீண்டும் கிடைத்தது. வசீம் ஜாஃபருடன் தொடக்கத் துடுப்பாளராகவும் களமிறக்கப்பட்ட இவர், முதல் இன்னிங்சில் 63 ஓட்டங்கள் எடுத்தார். தோனி குணமடைந்து திரும்பிய பின்னரும் தொடக்கத் துடுப்பாளர் என்ற வகையில் இவரால் அணியில் நீடிக்க முடிந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த 2007 உலகக்கிண்ண அணியிலும் இடம்பெற்றார். ஆனால் ஒரு போட்டியிலும் களமிறக்கப்படவில்லை.

மே 2007 இல் டாக்காவில் வங்காளதேசத்துக்கு எதிராக 129 ஓட்டங்கள் எடுத்தார். இது தேர்வுப் போட்டிகளில் இவருடைய ஒரே சதம். ஜாஃபர், கார்த்திக், திராவிட், டெண்டுல்கர் ஆகிய முதல் நான்கு துடுப்பாளர்களும் அந்த இன்னிங்சில் சதம் அடித்தனர். தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல் முறை.

தொடர்ந்து இங்கிலாந்தில் நடைபெற்ற மூன்று தேர்வுப் போட்டிகள் கொண்ட தொடரை இந்தியா 1-0 என்ற கணக்கில் வென்றது. 1986 ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் தொடர் வெற்றி இதுவாகும். அத்தொடரில் இந்திய அணியில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் கார்த்திக். லார்ட்சில் 60, டிரென்ட் பிரிட்ஜில் 77, ஓவலில் 91 என மூன்று அரைச்சதங்களுடன் மொத்தம் 263 ஓட்டங்கள் குவித்தார்.

செப்டம்பர் 2007 இல் முதலாவது இருபது20 உலகக்கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் இவர் இருந்தார். இறுதிப் போட்டியில் ஆடவில்லை. அத்தொடரில் அணித்தலைவராகப் பொறுப்பேற்ற தோனி, பின்னர் ஒருநாள் அணிக்கும் தேர்வு அணிக்கும் தலைவரானார். அணித்தலைவரே குச்சக்காப்பாளராக இருந்ததால், அதன் பின் அவ்விடத்துக்குப் போட்டி என்பதே இல்லாமற் போயிற்று. அதே ஆண்டு இறுதியில் பாக்கித்தானுக்கு எதிரான தேர்வுத் தொடரில் கார்த்திக்கால் ஓட்டங்கள் எடுக்க இயலவில்லை. வீரேந்தர் சேவாக், கவுதம் கம்பீர் இணை தொடக்கத்தில் நிலைபெற்றதும் அந்த வழியும் அடைபட்டது.

நீண்ட இடைவெளி

2008 இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தில் தோனி ஓய்வு எடுத்தபோது கார்த்திக் இரு தேர்வுப் போட்டிகளில் ஆடினார். மூன்றாம் போட்டியில் அவ்விடம் பார்த்திவ் பட்டேலுக்குச் சென்றது. ஜனவரி 2010 இல் சிட்டகாங்கில் தோனி ஆடாத தேர்வுப் போட்டி ஒன்றில் இவர் மீண்டும் களமிறங்கினார். அது இவருடைய 23 ஆவது தேர்வுப் போட்டி. அடுத்த போட்டிக்காக எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

பிப்ரவரி 24, 2010 அன்று குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் ஒருநாள் போட்டிகளில் ஆடவரின் முதல் இரட்டைச் சதத்தை அடித்தார். மூன்றாம் நிலையில் களமிறங்கிய கார்த்திக் 79 ஓட்டங்கள் எடுத்து, டெண்டுல்கருடன் இரண்டாம் இலக்குக்கு 194 ஓட்டங்கள் சேர்த்தார். ஒருநாள் போட்டிகளில் இவருடைய உயர்ந்த ஓட்ட எண்ணிக்கை இதுவே.

2011, 2015 ஆகிய ஆண்டுகளின் உலகக்கிண்ண அணிகளில் தோனி மட்டுமே முழுநேரக் குச்சக்காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதாவது இரண்டாம் குச்சக்காப்பாளர் என்ற இடமே அவ்வணிகளில் இல்லை. இடையில் 2013 சாம்பியன்ஸ் கிண்ணத்தின் பயிற்சி ஆட்டங்களில் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எதிராக அடுத்தடுத்து இரு சதங்கள் அடித்த கார்த்திக், அத்தொடரில் துடுப்பாளராக ஆடினார். ஜூன் 23, 2013 அன்று எட்ஜ்பாஸ்டனில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை வென்ற பதினொருவருள் இவரும் ஒருவர்.

டிசம்பர் 2014 இல் தோனி தேர்வுப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். எனினும் அவ்விடம் கார்த்திக்குக் கிடைக்கவில்லை. வங்காளத்தைச் சேர்ந்த விருத்திமான் சாகா தேர்வு அணியின் குச்சக்காப்பாளரானார்.

தமிழ்நாட்டு அணியில்

இந்திய அணிக்கு வெளியே இருந்த ஆண்டுகளில் கார்த்திக் தமிழ்நாட்டு அணிக்குத் தொடர்ந்து ஆடினார். முதல்தர ஆட்டங்களில் 28 சதங்கள் அடித்துள்ளார்; உயர்ந்த ஓட்ட எண்ணிக்கை 213. மாநிலங்களுக்கு இடையிலான முதலாவது இருபது20 தொடரை 2006-07 இல் தமிழ்நாடு வென்றபோது இவரே அணித்தலைவர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், சையத் முஷ்டாக் அலி கிண்ணம் என்று பெயர் பெற்ற அதே தொடரை ஜனவரி 31, 2021 அன்று பரோடாவை வீழ்த்தி மீண்டும் வென்றபோதும் தலைவராக இருந்தார்.

2016-17 விஜய் ஹசாரே கிண்ணத்தில் 607 ஓட்டங்கள் குவித்தார். மார்ச் 2017 இல் தில்லியில் நடந்த இறுதிப் போட்டியில் இவர் எடுத்த 112 ஓட்டங்களின் துணையுடன் தமிழ்நாடு வங்காளத்தை வென்றது. இந்த ஆட்டங்களே 2017 இல் இவரை மீண்டும் இந்திய ஒருநாள் அணிக்குக் கொண்டு வந்தன.

இந்தியன் பிரீமியர் லீக்

2008 இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் 17 பருவங்களிலும் ஆடிய மிகச் சிலருள் கார்த்திக்கும் ஒருவர். முதல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தோனியை எடுத்தது. சென்னையில் பிறந்த கார்த்திக் அவ்வணிக்கு ஒருமுறையேனும் ஆடவில்லை. இவர் ஆடிய அணிகள்:

* டெல்லி டேர்டெவில்ஸ் (2008–2010, 2014)
* கிங்ஸ் லெவன் பஞ்சாப் (2011)
* மும்பை இந்தியன்ஸ் (2012–2013)
* ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் (2015, 2022–2024)
* குஜராத் லயன்ஸ் (2016–2017)
* கொல்கத்தா நைட் ரைடர்ஸ் (2018–2021)

2013 இல் மும்பை அணிக்காக 510 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு இறுதிப் போட்டியில் மும்பை அணி, தோனி தலைமையிலான சென்னை அணியை வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. 2014 ஏலத்தில் டெல்லி அணி இவரை 12.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018 இல் கொல்கத்தா அணியின் தலைவராகப் பொறுப்பேற்று 498 ஓட்டங்கள் எடுத்தார். அக்டோபர் 2020 இல் பருவத்தின் நடுவே அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

நிதாகாஸ் கிண்ணம், 2018

இலங்கை, வங்காளதேசம், இந்தியா ஆகிய அணிகள் கொழும்பில் ஆடிய நிதாகாஸ் கிண்ண இருபது20 தொடரில் தோனிக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. கார்த்திக் குச்சக்காப்பாளராக ஆடினார். மார்ச் 18, 2018 அன்று நடந்த இறுதிப் போட்டியில் வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 167 ஓட்டங்கள். கார்த்திக் ஏழாம் நிலையில் களமிறங்கியபோது 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ரூபெல் ஹொசைன் வீசிய 19 ஆவது ஓவரில் மட்டும் 22 ஓட்டங்கள் எடுத்தார். சௌம்யா சர்க்கார் வீசிய இறுதிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவை என்றிருந்தபோது, எக்ஸ்ட்ரா கவர் திசையில் சிக்சர் அடித்து வெற்றி தேடித் தந்தார். ஆட்டமிழக்காமல் 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்த இவரே ஆட்டநாயகன். தமிழ்நாட்டைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர் தொடர்நாயகனாகத் தேர்வானார்.

தேர்வு அணிக்குத் திரும்புதலும் 2019 உலகக்கிண்ணமும்

சாகா காயமுற்றதால், ஜூன் 2018 இல் பெங்களூரில் நடந்த ஆப்கானித்தானின் முதலாவது தேர்வுப் போட்டியில் கார்த்திக் மீண்டும் இடம்பெற்றார். இவருடைய 23 ஆவது போட்டிக்கும் 24 ஆவது போட்டிக்கும் இடையே இந்தியா 87 தேர்வுப் போட்டிகளில் ஆடியிருந்தது. இவ்வளவு போட்டிகளைத் தவறவிட்டபின் அணிக்குத் திரும்பிய இந்தியர் அதுவரை வேறெவரும் இல்லை. தொடர்ந்து இங்கிலாந்தில் ஆடிய இரு போட்டிகளின் நான்கு இன்னிங்சுகளில் மொத்தம் 21 ஓட்டங்களே எடுத்தார். அடுத்த போட்டியில் ரிஷப் பந்த் அறிமுகமானார். கார்த்திக் அதன்பின் தேர்வுப் போட்டிகளில் ஆடவில்லை.

2019 உலகக்கிண்ண அணியில் பந்தை விடுத்து, தோனிக்கு மாற்றாகக் கார்த்திக் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று போட்டிகளில் துடுப்பாளராக ஆடினார். ஜூலை 10, 2019 அன்று மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 5 ஓட்டங்களுக்கு 3 இலக்குகளை இழந்திருந்தபோது களமிறங்கி, 25 பந்துகளில் 6 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்தார். அப்போட்டியே கார்த்திக்கின் இறுதி ஒருநாள் போட்டி. தோனியின் இறுதிப் பன்னாட்டுப் போட்டியும் அதுவே.

வர்ணனையும் மீள்வருகையும்

ஜூன் 2021 இல் சவுத்தாம்ப்டனில் நடந்த உலகத் தேர்வு வாகையர் இறுதிப் போட்டியில் கார்த்திக் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் பணியாற்றினார். இதனால் இவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது எனப் பலரும் கருதினர். ஆயின் 2022 இல் பெங்களூர் அணிக்காக இறுதி ஓவர்களில் களமிறங்கி, 100 பந்துகளுக்கு 183 ஓட்டங்கள் என்ற விகிதத்தில் 330 ஓட்டங்கள் எடுத்து, 37 அகவையில் இந்திய இருபது20 அணிக்குத் திரும்பினார். ஜூன் 17, 2022 அன்று ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்துகளில் 55 ஓட்டங்கள் எடுத்தார். பன்னாட்டு இருபது20 போட்டிகளில் இவரது முதல் அரைச்சதமான இது, அறிமுகமாகிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் வந்தது.

2007 இன் முதலாவது இருபது20 உலகக்கிண்ணத்தில் ஆடிய இவர், ஆஸ்திரேலியாவில் நடந்த 2022 தொடரிலும் நான்கு போட்டிகளில் ஆடினார். நவம்பர் 2, 2022 அன்று அடிலெய்டில் வங்காளதேசத்துக்கு எதிரான ஆட்டம் இவரது இறுதிப் பன்னாட்டுப் போட்டியாகும். அடுத்த ஆட்டத்திலும் அரையிறுதியிலும் அவ்விடத்தில் பந்த் ஆடினார்.

ஓய்வு

2024 பருவத்தில் பெங்களூர் அணிக்காக 326 ஓட்டங்கள் எடுத்த கார்த்திக், தமது 39 ஆவது பிறந்தநாளான ஜூன் 1, 2024 அன்று அனைத்து வகைத் துடுப்பாட்டத்திலிருந்தும் ஓய்வை அறிவித்தார். ஜூலை 2024 இல் அதே அணியின் துடுப்பாட்டப் பயிற்சியாளராகவும் வழிகாட்டியாகவும் நியமிக்கப்பட்டார். அவ்வணி ஜூன் 3, 2025 அன்று முதன்முறையாக இந்தியன் பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. இதற்கிடையே 2025 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் இருபது20 லீக்கில் பார்ல் ராயல்ஸ் அணிக்காக ஆடி, அத்தொடரில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

தனிப்பட்ட வாழ்க்கை

கார்த்திக் 2015 இல் சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிக்கலை மணந்தார். இவர்களுக்கு 2021 இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

ஒப்பீடு

கார்த்திக், தோனி இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறிமுகமாயினர். ஒருநாள் போட்டிகளில் மூன்றரை மாதங்களும், தேர்வுப் போட்டிகளில் ஓராண்டுக்கும் சற்று மேலும் கார்த்திக்கே மூத்தவர். இருவரும் ஆடிய பன்னாட்டுப் போட்டிகளின் எண்ணிக்கை பின்வருமாறு:

* தேர்வுப் போட்டிகள்: கார்த்திக் 26, தோனி 90
* ஒருநாள் போட்டிகள்: கார்த்திக் 94, தோனி 350 (ஆசியப் பதினொருவர் அணிக்காக ஆடிய 3 போட்டிகள் உட்பட)
* பன்னாட்டு இருபது20: கார்த்திக் 60, தோனி 98

கார்த்திக்கின் பன்னாட்டு ஆட்டங்களின் சுருக்கம்:

* தேர்வு: 1,025 ஓட்டங்கள், சராசரி 25.00, சதம் 1, அரைச்சதங்கள் 7, பிடிகள் 57, ஸ்டம்பிங் 6
* ஒருநாள்: 1,752 ஓட்டங்கள், சராசரி 30.20, அரைச்சதங்கள் 9, உயர்ந்த ஓட்டம் 79
* பன்னாட்டு இருபது20: 686 ஓட்டங்கள், அரைச்சதம் 1, உயர்ந்த ஓட்டம் 55